பதினொரு மாத நியமனம் இனி வேண்டாம்: தாளாளருக்கும் அறங்காவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் அறங்காவலர் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் பள்ளியின் ஆசிரியர் சங்கத்துடன் நீங்கள் நடத்திவந்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தை முறிந்து நிற்கிறது என்பதை, வாயிற்கதவின் இரு பக்கமும் ஒட்டப்பட்டிருந்த இரண்டு தாள்களைப் படித்துத்தான் பெற்றோர்களாகிய நாங்கள் தெரிந்துகொண்டோம். நிர்வாகத்தின் முத்திரையோடு இருந்த தாள், பணி நிபந்தனைகள் ஆண்டுதோறும் நிர்வாகத்தால் மட்டுமே முடிவு செய்யப்படும் என்றது. சங்கம் ஒட்டியிருந்த தாள், பதினொரு மாத நியமனத்தைக் கைவிடாதவரை இனிப் பேசிப் பயனில்லை என்றது. பிள்ளைகளை விட வந்தவர்கள் இரண்டையும் வாசித்துவிட்டு, விவரம் கேட்க ஆளில்லாமல் கலைந்து போனோம். பள்ளி அலுவலகத்தில் கேட்டபோது, அது உள் விவகாரம் என்று பதில் வந்தது. கட்டணம் கட்டுகிறவர்களுக்கும் பிள்ளைகளை ஒப்படைத்திருக்கிறவர்களுக்கும் இது உள் விவகாரம் ஆகாது என்பதால் இந்த மடலை வெளிப்படையாக எழுதுகிறேன்.

நான் சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். என் பேத்தி உங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வடசென்னையில் ஒப்பந்தம் என்பது யாருக்கும் புதிய செய்தி அல்ல. எண்ணூரிலும் மணலியிலும் திருவொற்றியூரிலும் ஆலை வேலைக்குப் போகிறவர்களின் வீடுகளில், அடுத்த ஒப்பந்தம் எப்போது என்பதைப் பார்த்துத்தான் மகளின் திருமணமும் வீட்டுக் கடனும் முடிவாகின்றன. சமரச அலுவலர் முன்னிலையில் கையெழுத்தாகும் ஒப்பந்தத்தை, 2025 நவம்பர்வரை நடைமுறையில் இருந்த தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து "12(3)" என்று சொன்னால் டீக்கடையில் யாரும் விளக்கம் கேட்காத ஊர் இது. எங்கள் துறைமுகத்திலேயே, 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து கிடைத்திருக்க வேண்டிய ஊதிய உயர்வுக்கு 2024 ஆகஸ்டில்தான், அதுவும் வேலைநிறுத்தம் தொடங்கவிருந்த நேரத்தில்தான், நாட்டின் பெருந்துறைமுகங்கள் அனைத்துக்குமாக உடன்பாடு ஏற்பட்டது. அவ்வளவு தாமதமாக வந்த அந்த உடன்பாட்டிலும் ஒரு தொடக்கத் தேதி இருந்தது, 2026 டிசம்பர் 31 என்ற ஒரு முடிவுத் தேதி இருந்தது, இடைப்பட்ட காலத்துக்கான நிலுவை இருந்தது. உங்கள் ஆசிரியர்கள் கேட்பதும் ஏறக்குறைய அதுதான்.

எத்தனை சதவீத உயர்வு என்ற கணக்குக்குள் நான் போகப் போவதில்லை. அது இரு தரப்பும் மேசையில் உட்கார்ந்து ஏற்றி இறக்கி முடிக்க வேண்டியது, வெளியிலிருந்து ஒருவர் சொல்லி முடிவதில்லை. நான் எழுதுவது ஒப்பந்தத்தின் காலத்தைப் பற்றி. பதினொரு மாத நியமனத்தை நிறுத்திவிட்டு, மூன்று கல்வியாண்டுகளுக்கான எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் ஒன்றில், மே மாதத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு மாதச் சம்பளத்தோடு, நீங்கள் கையெழுத்திட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இப்போதுள்ள ஏற்பாட்டை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் இந்த மடலைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்குத் தெரிய வேண்டும். ஜூன் மாதம் தொகுப்பூதியத்தில் நியமன ஆணை தரப்படுகிறது, ஏப்ரல் கடைசியில் அந்த ஆணை காலாவதியாகிறது, மீண்டும் ஜூனில் அதே ஆசிரியருக்குப் புதியவரைப் போல இன்னோர் ஆணை தரப்படுகிறது. இடையில் வரும் மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. இது நம் பள்ளியில் மட்டும் உள்ள வழக்கமல்ல, சுயநிதிப் பள்ளிகள் பலவற்றில் ஊறிப்போனது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த மே மாதத்தில் நடப்பதைப் பாருங்கள். காகிதத்தின்படி வேலையில் இல்லாத அதே ஆசிரியைகள்தான் சேர்க்கைத் துண்டறிக்கைகளை எடுத்துக்கொண்டு கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் வெயிலில் வீடு வீடாக அனுப்பப்படுகிறார்கள். ஏப்ரல் 30ஆம் தேதியோடு விடுவிக்கப்பட்ட ஒருவர் மே மாதத்தில் எந்தத் தகுதியில் உங்கள் பள்ளியின் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டுகிறார் என்ற கேள்விக்கு நிர்வாகத்திடம் பதில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதன் விளைவு எங்கள் வீட்டு மேசைமேல் இருக்கிறது. என் பேத்தியின் கணக்கு நோட்டை எடுத்தால், முதல் சில பக்கங்களில் பச்சை மையில் சாய்வான கையெழுத்து. முழுக்களின் கூட்டலை எண்கோட்டில் வரைந்து காட்டச் சொல்லி ஓரத்தில் குறிப்பு எழுதியிருக்கிறார் அந்த ஆசிரியை. காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு கையெழுத்து மாறுகிறது, எண்கோடு மறைந்துபோய் விதிகள் வருகின்றன. அரையாண்டுக்குப் பிறகு மூன்றாவது கை. வெறும் சரிக்குறிகள், தேதிகூட இல்லை. முதலாமவருக்கு வேறொரு பள்ளியில் மே மாதச் சம்பளத்தோடு வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். போனவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினொரு மாதத்துக்கு மேல் உங்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று எழுதித் தருகிற நிர்வாகம், ஆசிரியர் மட்டும் ஆண்டு முழுவதும் விசுவாசமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை.

பணிக்கொடை விவகாரமும் இதோடு பிணைந்தது. ஆசிரியர்கள் பணிக்கொடைச் சட்டத்தின்படி ஊழியர் என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள் என்று உச்சநீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. அந்தக் குறையைச் சரிசெய்ய நாடாளுமன்றம் 2009இல் சட்டத்தைத் திருத்தி, அதை 1997 ஏப்ரல் 3ஆம் தேதியிலிருந்தே செல்லுபடியாக்கியது. தனியார் பள்ளிகள் அந்தத் திருத்தத்தை எதிர்த்து வழக்காடி, 2022 ஆகஸ்டில் தோற்றன. ஆக, ஐந்தாண்டு தொடர்ச்சியாகப் பணியாற்றிய ஆசிரியருக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை தர வேண்டும் என்பதில் இனி வாதத்துக்கு இடமில்லை. கடைசிச் சம்பளம் 18,000 ரூபாய் என்றும் பணிக்காலம் பன்னிரண்டு ஆண்டுகள் என்றும் வைத்துக்கொண்டால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கும் முறைப்படி ஏறத்தாழ 1,24,600 ரூபாய் வருகிறது. ஒரு குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல. ஆண்டுதோறும் ஏப்ரலில் போடப்படும் அந்த இடைவெளி, இந்தத் தொடர்ச்சியை அறுப்பதற்காகவே போடப்படுகிறது என்று ஆசிரியர்கள் நம்புகிறார்கள். அப்படி அல்ல என்றால் அதை நிரூபிக்க எளிய வழி, இடைவெளியை எடுத்துவிடுவதுதான். செயற்கையாக உண்டாக்கப்பட்ட இடைவெளி வழக்கு என்று வந்தால் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை உங்கள் வழக்கறிஞரே சொல்வார்.

சங்கத்தோடு பேசச் சட்டம் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்று உங்களில் சிலர் கருதுவதாக அறிகிறேன். எழுத்தளவில் அது உண்மை. கோவாவைச் சேர்ந்த சுந்தராம்பாள் என்ற ஆசிரியையின் வழக்கில் 1988இல் உச்சநீதிமன்றம், பள்ளி என்பது தொழில் என்ற வரையறைக்குள் வந்தாலும் ஆசிரியர் தொழில் தகராறு சட்டம் சொல்லும் தொழிலாளி அல்லர் என்று தீர்ப்பளித்தது. பள்ளி வேன் ஓட்டுநருக்கும் அலுவலக எழுத்தருக்கும் திறந்திருந்த தொழிலாளர் நீதிமன்றத்தின் கதவு ஆசிரியருக்கு மட்டும் மூடிக்கொண்டது. நான் மேலே சொன்ன 12(3) போன்ற ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடையாது. பேச்சு முறிந்தால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போக அவர்களுக்கு வழியில்லை. எஞ்சுவது கல்வித்துறைக்கு மனுப் போடுவதும் உயர்நீதிமன்றத்தில் காத்துக் கிடப்பதும்தான். இதை நிர்வாகத்துக்கு வாய்த்த வசதியாக எடுத்துக்கொள்ளலாம். என் பார்வையில் இது உங்கள் பொறுப்பைக் கூட்டுகிறது. நடுவர் இல்லாத இடத்தில், உங்கள் அலுவலகத்து மேசைதான் அவர்களுக்குள்ள ஒரே மன்றம்.

இந்த ஊரில் இருந்துகொண்டு சங்கத்தை அங்கீகரிக்க மறுப்பதில் ஒரு முரணும் இருக்கிறது. நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் தொடங்கப்பட்டது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் முன்னின்று கூட்டிய அந்தச் சங்கத்துக்கு பி.பி. வாடியா தலைவர். துணைத் தலைவர்களுள் ஒருவரான திரு.வி.க., அதற்குச் சிறிது காலம் முன்புவரை இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த ஆசிரியர். ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டியதாகச் சங்கத் தலைவர்கள்மீது ஆலை நிர்வாகம் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, இடைக்காலத் தடையும் பெற்றது. கூடிப் பேசுவதே குற்றமாகிவிடும் என்ற நிலை வந்ததால் எழுந்த குரல்தான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமாக முடிந்தது. பெரம்பூரில் நடந்த ஒரு தகராறு நாட்டுக்கே சட்டம் கொண்டுவந்தது. அங்கிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் வந்துவிடக்கூடிய ஒரு பள்ளியில், ஆசிரியர்கள் சங்கமாக வந்தால் பேசமாட்டோம், தனித்தனியாக வந்தால் பேசுவோம் என்பது கேட்கப் பழைய குரலாக இருக்கிறது.

இனிப் பணத்துக்கு வருகிறேன். சம்பளத்தை ஆண்டுதோறும்தான் முடிவு செய்ய முடியும், மூன்றாண்டுக்கு வாக்குக் கொடுக்க இயலாது என்பது உங்கள் முக்கிய வாதம். ஆனால் உங்கள் வரவு அப்படி முடிவாவதில்லையே. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு, தனியார் பள்ளிகளுக்கான கட்டணத்தை மூன்று கல்வியாண்டுகளுக்கு நிர்ணயிக்கிறது. நிர்வாகச் செலவும் பராமரிப்புச் செலவும் பள்ளியின் வளர்ச்சிக்குத் தேவையான நியாயமான உபரியும் அந்தக் கணக்கில் பார்க்கப்படுகின்றன. எந்தப் பள்ளியிலும் செலவுகளிலேயே பெரியது ஆசிரியர் சம்பளம். நீங்களும் உங்கள் சம்பளப் பட்டியலைக் குழுவின்முன் வைத்துத்தான் கட்டணம் கேட்டிருப்பீர்கள். வரவு மூன்றாண்டுக்கு உறுதியாக இருக்கும்போது, அந்த வரவுக்குக் காரணமாகக் காட்டப்பட்ட செலவை மட்டும் பதினொரு மாதத்துக்கு மேல் உறுதி செய்ய முடியாது என்பதை எப்படி ஏற்பது? கட்டண நிர்ணயம் புதுப்பிக்கப்படும் அதே ஜூன் மாதத்தில் ஒப்பந்தமும் தொடங்கி, இரண்டும் ஒன்றாக முடிந்தால், அடுத்த சுற்றுக்குக் குழுவின்முன் போகும்போது உங்கள் கையில் இரு தரப்பும் கையெழுத்திட்ட சம்பளக் கணக்கு இருக்கும். அதைவிட வலுவான சான்று உங்களுக்கு வேறு எங்கிருந்து கிடைக்கும்?

கட்டணக் குழுவிடம் கொடுத்த சம்பளப் பட்டியலை அப்படியே சங்கத்திடமும் கொடுங்கள் என்று நான் கேட்பது இதனால்தான். இரண்டு பட்டியலும் ஒன்றாக இருந்தால் உங்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை.

நிர்வாகத்தின் கையும் கட்டப்பட்டுத்தான் இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி 25 சதவீத இடங்களில் சேர்க்கப்படும் பிள்ளைகளுக்கான கட்டணத்தை அரசு ஈடுசெய்ய வேண்டும். மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான நிதித் தகராறில் அந்தத் தொகை நின்றதும், 2025இல் அந்த இடங்களுக்கான சேர்க்கையே அக்டோபர்வரை தள்ளிப்போனதும் ஊரறிந்தவை. வாகனத் தகுதிச் சான்று, கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, மின்கட்டணம் என்று செலவுகள் ஏறிக்கொண்டே போகின்றன. மீனவர் குப்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளின் வீடுகளில், கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு வருமானம் நின்றுவிடுவதால், புதிய ஆண்டின் முதல் தவணை பல நேரம் தாமதமாகத்தான் வருகிறது. நீங்கள் அவர்களை வெளியே நிறுத்தியதில்லை என்பதற்கு நானே சாட்சி. இந்த நெருக்கடிகளை எல்லாம் ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதலாம். அரசின் ஈட்டுத்தொகை இத்தனை மாதங்களுக்கு மேல் தாமதமானால், உயர்வின் ஒரு பகுதியைத் தள்ளிவைத்துப் பின்னர் நிலுவையாகத் தரலாம் என்று ஒரு பிரிவு சேர்ப்பதைச் சங்கமும் மறுக்காது என்றே நம்புகிறேன். ஆலைகளில் உற்பத்தி குறைந்தால் என்ன செய்வது என்று எழுதிவைக்கிறார்கள். எழுதாமல் விடுவதால்தான் ஒவ்வொரு கஷ்டமும் ஆசிரியரின் மே மாதத்தில் வந்து விழுகிறது.

வேலை நேரம் பற்றியும் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆசிரியருக்கு வாரத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம் என்று சொல்லி, பாடத் தயாரிப்பு நேரத்தையும் அதற்குள்ளேயே அடக்குகிறது. காலைச் சிறப்பு வகுப்பு, மாலைச் சிறப்பு வகுப்பு, வேன் பொறுப்பு, எமிஸ் எனப்படும் கல்வித்துறை இணையதளத்தில் விவரப் பதிவேற்றம் இவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். நோட்டு திருத்தும் வேலை வீட்டுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் சரிக்குறிகளில் தேதிகூட இல்லாமல் போகிறது.

தகுதித் தேர்வு விஷயத்தில் மட்டும் நீங்கள் அவசரமாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. 2025 செப்டம்பர் முதல் தேதி உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் மீதமுள்ள, எட்டாம் வகுப்புவரை கற்பிக்கும் ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும். இதைக் காரணம் காட்டி மூத்தவர்களை அனுப்பிவிட்டுக் குறைந்த சம்பளத்தில் புதியவர்களை எடுக்கலாம் என்ற யோசனை எந்த நிர்வாகத்துக்கும் எளிதில் வரும். உங்களுக்கு வந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதினைந்து, இருபது ஆண்டுகளாக இந்தப் பகுதியின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்களைத் தேர்வுக்குத் தயாராக்கும் பொறுப்பில் பள்ளிக்கும் பங்குண்டு. படிப்பதற்குச் சம்பளத்தோடு சில நாள் விடுப்பு, தேர்வு நாளில் பணி விலக்கு, தேறும்வரை வேலை பறிபோகாது என்ற எழுத்துமூல உறுதி ஆகியவற்றைச் சட்டம் அனுமதிக்கும் எல்லைவரை ஒப்பந்தத்தில் சேர்க்க முடியும்.

சங்கத்தாருக்கும் ஒரு சொல். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று மேலே எழுதியவன்தான் இதையும் எழுதுகிறேன். பொதுத் தேர்வுக்கு முந்தைய வாரங்களை நெருக்குதலுக்கான காலமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை என்று, தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நடத்திய 2003 போராட்ட வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பை ஏற்கிறவன் அல்லன் நான். துறைமுகத்தில் வேலைநிறுத்தத்தில் நின்றவன். எனினும் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் வகுப்பறையை மூடினால், இப்போது உங்களோடு இருக்கும் பெற்றோர் மறுநாளே எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். அதோடு, முன்னறிவிப்பின்றி ஆண்டின் நடுவில் விலகிப் போகும் வழக்கத்துக்கு நீங்களும் முடிவுகட்ட வேண்டும். மூன்றாண்டு உறுதி கேட்பவர்கள், கல்வியாண்டு முடியும்வரை வகுப்பை விடமாட்டோம் என்ற உறுதியைப் பதிலுக்குத் தருவதுதான் பேரம்.

அடுத்த கூட்டம் எப்போது நடந்தாலும், அதன் நடவடிக்கைக் குறிப்பை அன்றே எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்றும், பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து இருவரைப் பேச உரிமையில்லாத பார்வையாளர்களாக அனுமதிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டது மறுவாரம் மாறிப்போவதுதான் எந்தப் பேச்சுவார்த்தையையும் கெடுக்கிறது என்பது துறைமுகத்தில் நான் கண்டது. புதிய கல்வியாண்டுக்கான நியமன ஆணைகள் அச்சாவதற்கு முன்பே இந்தக் கூட்டம் நடக்க வேண்டும், ஆணை கைக்கு வந்தபிறகு பேசினால் இன்னும் ஓராண்டு போய்விடும்.

இதற்கு முன்பாகவே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பணியில் சேரும்போது ஆசிரியர்களிடம் வாங்கிவைக்கப்பட்ட பட்டச் சான்றிதழ்களும் பி.எட். சான்றிதழ்களும், அவற்றோடு கையெழுத்து மட்டும் இட்டுத் தேதி இடாமல் எழுதி வாங்கப்பட்ட ராஜினாமாக் கடிதங்களும் பள்ளி அலுவலகப் பீரோவில் இருப்பதாக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ஒருவரின் படிப்புச் சான்றை அடகுபோல வைத்துக்கொள்ளும் உரிமை எந்த நிர்வாகத்துக்கும் இல்லை, தேதியில்லாத ராஜினாமா எந்த நீதிமன்றத்திலும் மரியாதை பெறாது. இவற்றைத் திருப்பித் தருவதற்குச் சதவீதக் கணக்கு தேவையில்லை, கட்டணக் குழுவின் அனுமதி தேவையில்லை, அறங்காவலர் கூட்டத் தீர்மானம்கூடத் தேவையில்லை. வருகிற திங்கட்கிழமை காலை பீரோவைத் திறந்து, அவரவர் சான்றிதழை அவரவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்துவிட்டு, அன்று மாலையே சங்கத்தைப் பேச அழையுங்கள்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருவரின் தாத்தா,
தண்டையார்பேட்டை, சென்னை.